கடிகாரம் வருவதற்கு முன்னால் நேரம் பார்த்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடிகாரம் இல்லாத காலத்தில் மக்கள் எப்படி நேரம் பார்த்தார்கள் என்று கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறார்கள். ஒன்று, "இப்போது என்ன பொழுது?" இன்னொன்று, "ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆயிற்று?" நம் கைக்கடிகாரம் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுவதால் இவை வேறு வேறு கேள்விகள் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. பழங்கால மனிதர்களுக்கு மறக்கவில்லை. முதல் கேள்வியை வானத்திடம் கேட்டார்கள். இரண்டாவதை ஒழுகும் நீரிடமும் எரியும் மெழுகிடமும் கேட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கருவிகள் எல்லாம் ஏன் அப்படி இருந்தன என்பது எளிதாகப் புரியும்.

கையில் கருவி எதுவுமே இல்லாமல் பொழுதைச் சொல்ல முடியுமா?

முடியும். சொந்த நிழலே போதும். பழைய ஏதென்ஸில் விருந்துக்கு அழைக்கும்போது நிழல் பத்தடி ஆனதும் வரச் சொல்வார்கள். அவரவர் நிழலை அவரவர் காலடியால் அளப்பது வழக்கம். உயரமானவருக்கு நிழல் நீளமாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால் உயரமானவருக்குப் பாதமும் நீளம். பெரும்பாலானவர்களின் உயரம் அவர்கள் பாதத்தைப் போல ஆறரை மடங்கு அளவில் இருப்பதால், நெட்டையருக்கும் குட்டையருக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அளவுகோலையும் கடிகாரத்தையும் ஒவ்வொருவரும் தன் உடம்பிலேயே சுமந்து திரிந்தார்கள் என்பதுதான்.

இதில் ஒரு குறையும் உண்டு. குளிர்காலத்தில் ஏதென்ஸில் சூரியன் உச்சிக்கு வரும்போதே நிழல் பன்னிரண்டு அடியைத் தாண்டியிருக்கும். அப்போது "பத்தடி நிழல்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பருவத்தைச் சேர்த்துச் சொல்லாத நிழல் கணக்கு பாதிக் கணக்குதான்.

சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களை வைத்து அளப்பார்களே, அது சரியா?

கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரல் அகலம் வானத்தில் சுமார் 2 பாகை. ஒரு விரலுக்குக் கால் மணி நேரம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு வடக்கே வெகு தொலைவில், 60 பாகை அட்சரேகைப் பக்கம் பொருந்தும். அங்கே சூரியன் சாய்வாக இறங்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே விழுகிறது, மணிக்கு 15 பாகை வீதம். அங்கே ஒரு விரலுக்கு எட்டு நிமிடம்தான். கால் மணி என்று நம்பி நடந்தால் பாதி வழியிலேயே இருட்டிவிடும்.

நிழற்கடிகாரம் முதலில் எங்கே தோன்றியது?

நமக்குக் கிடைத்திருக்கும் பழைய கருவிகள் எகிப்தைச் சேர்ந்தவை. மன்னன் மூன்றாம் தட்மோஸ் காலத்து, அதாவது ஏறத்தாழ 3,500 ஆண்டு பழமையான நிழல் அளவி ஒன்று பெர்லினில் இருக்கிறது. நீளமான ஒரு பட்டை, அதன் ஒரு முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு கட்டை, அவ்வளவுதான். கட்டையின் நிழல் பட்டையில் எந்தக் கோடு வரை விழுகிறது என்று பார்ப்பார்கள். காலையில் ஒரு பக்கமாகவும் மதியத்துக்கு மேல் திருப்பியும் வைக்க வேண்டும்.

2013இல் பாசெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரசர்களின் பள்ளத்தாக்கில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லைக் கண்டெடுத்தார்கள். அதில் கறுப்பு மையால் அரைவட்டம் போட்டு, அதைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்திருந்தார்கள். நடுவில் குச்சி செருக ஒரு குழி. கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிடைத்த இடம் கல்லறை தோண்டிய தொழிலாளர்களின் குடிசைப் பகுதி. அரண்மனைப் பொருளைவிட அந்தக் கல் சில்லுதான் என்னை அதிகம் கவர்கிறது. வேலைக்கு நடுவே யாரோ ஒருவர் அதை எட்டிப் பார்த்திருப்பார்.

அப்போதும் ஒரு மணி நேரம் என்றால் 60 நிமிடம்தானா?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

எகிப்தியர், கிரேக்கர், ரோமானியர் எல்லோரும் சூரியன் உதிப்பது முதல் மறைவது வரையுள்ள பகலைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். இரவையும் அப்படியே. கோடையில் பகல் நீளம், அதனால் பகலின் ஒவ்வொரு மணியும் நீளும். குளிர்காலத்தில் சுருங்கும். ரோமில் கோடையின் மிக நீண்ட நாளில் பகல் மணி ஒன்றுக்கு நம் கணக்கில் சுமார் 75 நிமிடம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் சுமார் 45 நிமிடம். இரவு மணிகள் இதற்கு நேர் எதிர்.

இதைக் கேட்டதும் குழப்பமான ஏற்பாடு என்றுதான் நமக்குத் தோன்றும். அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். "ஆறாம் மணி முடிகிறது" என்றால் எந்த மாதத்திலும் சூரியன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். "பதினோராம் மணி" என்றால் இருட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான், வேலையை முடித்துக் கிளம்பு என்று பொருள். வெளிச்சத்தில்தான் வேலை செய்ய முடியும் என்ற உலகத்தில், எவ்வளவு வெளிச்சம் பாக்கி இருக்கிறது என்பதுதானே தெரிய வேண்டும்? அந்த மணி அதைச் சரியாகச் சொன்னது. அறியாமை என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த மணிகளின் தடம் இன்றும் சொற்களில் இருக்கிறது. மதியத் தூக்கத்தைக் குறிக்கும் 'சியெஸ்டா' என்ற ஸ்பானியச் சொல், ஆறாம் மணி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நண்பகலைக் குறிக்கும் 'நூன்' ஒன்பதாம் மணியிலிருந்து வந்தது. பிற்பகல் மூன்று மணி அளவில் இருந்த அந்தச் சொல், நாளடைவில் பன்னிரண்டு மணிக்கு நகர்ந்துவிட்டது.

எல்லா நாளும் சம அளவு மணி வேண்டும் என்று கேட்டவர்கள் வானியலாளர்கள். ஒரு கிரகணத்தை இன்னொரு கிரகணத்தோடு ஒப்பிட அவர்களுக்கு நீளாத, சுருங்காத அலகு தேவைப்பட்டது. கிரேக்க வானியலாளர்கள் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளின் மணியை எடுத்து, ஆண்டு முழுவதும் அதையே கணக்குக்குப் பயன்படுத்தினார்கள். தெருவில் நடந்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பழைய மணியிலேயே இருந்தார்கள்.

ஓர் ஊரின் நிழற்கடிகாரத்தை இன்னொரு ஊரில் கொண்டுபோய் வைத்தால் வேலை செய்யுமா?

ரோமானியர்கள் வைத்துப் பார்த்தார்கள். கி.மு. 263இல், முதல் பியூனிக் போரின்போது, சிசிலித் தீவின் கட்டானியா நகரைப் பிடித்த வலேரியஸ் மெசாலா என்ற தளபதி, அங்கிருந்த நிழற்கடிகாரத்தை ரோமுக்குக் கொண்டுவந்து பொது இடத்தில் நிறுத்தினார். கட்டானியா ரோமுக்குத் தெற்கே நான்கு பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்த ஊர் சூரியனுக்காக வெட்டிய கோடுகள் ரோமின் சூரியனுக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் ரோம் மக்கள் 99 ஆண்டுகள் அதைப் பார்த்துத்தான் மணி சொன்னார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கி.மு. 164இல்தான் ரோமுக்கென்றே அளந்து செய்த கடிகாரம் பக்கத்தில் வந்தது.

அதற்கும் முன்னால், நிழற்கடிகாரமே இல்லாத நாட்களில், செனட் கட்டிடத்தில் நின்று பார்க்கும்போது சூரியன் குறிப்பிட்ட இரண்டு அடையாளங்களுக்கு நடுவே வந்ததும் ஓர் ஊழியர் "நண்பகல்" என்று உரக்க அறிவிப்பார். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

கோடுகளை எந்த ஊருக்கும் சரியாகக் கணக்கிட நல்ல வடிவியல் வேண்டும். இன்னொரு பெரிய முன்னேற்றம், நிழல் தரும் முள்ளை நேராக நிறுத்தாமல் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைப்பது. அதாவது வட அரைக்கோளத்தில் முள் துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்கும்; அதன் சாய்வு அந்த ஊரின் அட்சரேகை அளவு. அப்படி வைத்தால் எந்தப் பருவத்திலும் ஒரு குறிப்பிட்ட மணிக்கு நிழல் ஒரே கோட்டில் விழும். டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலின் கோபுரத்துக்காக இப்னு அல்-ஷாதிர் 1371 வாக்கில் செய்த நிழற்கடிகாரம் இந்த வகையில் புகழ்பெற்றது.

சூரியன் போன பிறகு?

நட்சத்திரங்கள். எகிப்தியர் வானத்தின் ஒரு பட்டையில் 36 விண்மீன் கூட்டங்களைத் தேர்ந்துகொண்டார்கள். பத்து நாளுக்கு ஒன்று என்ற முறையில் ஒவ்வொரு கூட்டமும் விடியலுக்குச் சற்று முன் புதிதாகத் தோன்றும். ஓர் இரவில் இவை ஒன்றன்பின் ஒன்றாக உதிப்பதை எண்ணிக்கொண்டே வந்தால் இரவு எவ்வளவு கழிந்தது என்று தெரியும். கி.மு. 2100 அளவிலேயே சவப்பெட்டி மூடிகளின் உட்புறத்தில் இந்த அட்டவணையை எழுதி வைத்தார்கள். இறந்தவருக்கும் இரவில் நேரம் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

வடக்கு வானம் தெரியும் இடங்களில் சப்தரிஷி மண்டலமே பெரிய முள். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி அது மணிக்கு 15 பாகை நகரும். ஆனால் நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் வித்தியாசம். ஆகவே இந்தக் கடிகாரத்தைப் படிக்க இன்று என்ன மாதம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிலா இருந்தால் இன்னும் எளிது. முழுநிலா சூரியன் மறையும்போது எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும். அப்புறம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். தேய்பிறை நாளை எண்ணி வைத்திருப்பவருக்கு நிலா எழுவதே மணி அடித்த மாதிரி.

மேகம் மூடினால் என்ன செய்தார்கள்?

இங்கேதான் நீர்க்கடிகாரம் வருகிறது. வானத்தைப் பார்க்காமலேயே நேரம் ஓடுவதைக் காட்டும் கருவி.

எகிப்தின் கர்னாக் கோயிலில் கிடைத்த ஒன்று மன்னன் மூன்றாம் அமென்ஹோட்டெப் காலத்தது, ஏறக்குறைய கி.மு. 1400. வெண்மையான அலபாஸ்டர் கல்லில் குடைந்த வாளி போன்ற பாத்திரம். அடியில் சிறு துளை. நீர் ஒழுக ஒழுக, உள் சுவரில் இருக்கும் குறிகளைப் பார்த்து இரவின் மணியைச் சொல்வார்கள். இரவு மணி மாதத்துக்கு மாதம் மாறும் அல்லவா? அதற்காக உள்ளே பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனி அளவுக் குறிகள் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாத்திரத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். வாய் அகலம், அடி குறுகல். இது அழகுக்காக அல்ல. பாத்திரம் நிறைய இருக்கும்போது நீர் வேகமாகப் பாயும். மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். உயரம் கால்பங்கானால் வேகம் பாதியாகும். நேர்ச்சுவர் கொண்ட பாத்திரத்தில் முதல் மணிக்கு மட்டம் மளமளவென்று இறங்கும், கடைசி மணிக்கு நகரவே நகராது. மேலே அகலமாக வைத்தால், வேகமாகப் போகும் நேரத்தில் வெளியேற வேண்டிய நீரும் அதிகம் இருக்கும். மட்டம் ஓரளவு சீராக இறங்கும். இதற்கான சூத்திரம் எழுதப்பட்டது 17ஆம் நூற்றாண்டில். எகிப்தியர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்து செய்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

வேறு வழியும் உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ், நீர் தரும் தொட்டி எப்போதும் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும்படி செய்தார். மட்டம் மாறாததால் கீழே விழும் நீரின் வேகமும் மாறாது. அந்த நீர் இன்னொரு பாத்திரத்தில் சேர, அதில் மிதக்கும் கட்டை மேலே எழும்பி ஒரு சிறு பொம்மையை உயர்த்தும். பொம்மை கையிலுள்ள கோல் மணியைக் காட்டும்.

எல்லாம் இருந்தும் நீர் நீர்தான். குளிரில் அது தடித்துவிடும். 30 பாகை செல்சியஸில் ஓடும் நீரைவிட உறையும் நிலைக்கு அருகிலுள்ள நீரின் பிசுபிசுப்பு இரண்டு மடங்குக்கு மேல். நுண்ணிய துளையில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். உறைந்துவிட்டால் கடிகாரமே நின்றுபோகும். சீனாவில் 976 வாக்கில் ஜாங் சிசுன் என்பவர் இதற்காகத் தண்ணீருக்குப் பதில் பாதரசத்தைப் பயன்படுத்தினார்.

நீர்க்கடிகாரத்தை அன்றாட வாழ்க்கையில் எதற்குப் பயன்படுத்தினார்கள்?

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேச்சை அளக்க. வாதிக்கும் பிரதிவாதிக்கும் சம அளவு நீர். அங்கே அகழ்ந்தெடுத்த ஒரு மண்பாத்திரம் சுமார் 6.4 லிட்டர் கொள்ளும். காலியாக ஏறத்தாழ ஆறு நிமிடம். சட்டத்தையோ சாட்சியையோ வாசிக்கும்போது துளையை அடைத்துவிடுவார்கள், பேசுபவரின் நேரம் வீணாகாது. அங்கே இது எத்தனை மணி என்று யாருக்கும் கவலை இல்லை. இருவருக்கும் ஒரே அளவு கிடைத்ததா என்பதுதான் கேள்வி. நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டாம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

பாரசீகத்தில் பாசன நீரைப் பங்கிடவும் இதே யோசனைதான். கனாத் எனப்படும் நிலத்தடிக் கால்வாயின் நீர் ஊரில் எல்லோருக்கும் பொது. நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில், அடியில் துளையிட்ட சிறு கிண்ணத்தை மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறி அது மூழ்கும். ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்து எண்ணுவார்கள். உன் வயலுக்கு இத்தனை கிண்ணம், என் வயலுக்கு இத்தனை கிண்ணம். காவலிருப்பவர் தூங்கிவிட்டால் ஊரில் சண்டைதான். அதனால் நம்பகமான ஆளைத்தான் உட்கார வைப்பார்கள்.

நாழிகை என்பது இதுதானா?

அதே மூழ்கும் கிண்ணம்தான். இந்தியாவில் ஒரு பகலும் இரவும் சேர்ந்த நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். கிண்ணம் ஒருமுறை மூழ்க அவ்வளவு நேரம் ஆகும்படி துளையைச் செய்திருப்பார்கள். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம், ஏழரை நாழிகை ஒரு சாமம். முல்லைப்பாட்டில் போர்ப் பாசறையில் அரசனுக்கு நாழிகை சொல்பவர்கள் வருகிறார்கள். அவர்கள் பார்க்கும் கருவிக்கு அங்கே 'குறுநீர்க் கன்னல்' என்று பெயர்.

பகலில் நாழிகை பார்க்க ஒரு துரும்பே போதும். பதினாறு விரற்கடை நீளமுள்ள துரும்பை எடுத்து, ஒரு பகுதியை மடக்கிச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல், தரையில் கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். தொட்டதும், நிற்கும் பகுதி எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை காலையில் ஆகிவிட்டது. மதியத்துக்கு மேல் என்றால் சூரியன் மறைய அத்தனை நாழிகை பாக்கி.

இது எவ்வளவு சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியன் நேர் கிழக்கில் எழுந்து தலைக்கு மேல் வரும் நாளை எடுத்துக்கொள்வோம். பத்து நாழிகையில் அது 60 பாகை உயரத்தில் இருக்கும். துரும்பு காட்டுவது 10.1. ஐந்து நாழிகையில் 5.9 காட்டும், அதாவது இருபது நிமிடம் போலப் பிசகு. ஒரு புல் துண்டிலிருந்து இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம்.

மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடக் கடிகாரமாக இருந்ததாமே?

ஆமாம். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர், ஒரே எடையில் ஆறு மெழுகுவர்த்திகள் செய்யச் சொன்னார். ஒவ்வொன்றும் 12 அங்குலம், நான்கு மணி நேரம் எரியும். ஆறும் எரிந்து முடிந்தால் ஒரு நாள். காற்று வீசினால் வேகமாக எரிந்து கணக்குக் கெட்டது. அதற்காக, மாட்டுக்கொம்பை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, மரச்சட்டத்தில் பொருத்தி, விளக்குக்கூடு செய்தார்கள்.

சீனாவில் நறுமணப் பொடியைச் சுழல் பாதையாகத் தூவி ஒரு முனையில் பற்ற வைப்பார்கள். நெருப்பு எங்கே போய்விட்டது என்பதுதான் நேரம். சிலவற்றில் குச்சியின் மேல் நூலில் கட்டிய குண்டுகள் தொங்கும். நெருப்பு நூலைத் தொட்டதும் குண்டு தட்டில் விழுந்து ஒலிக்கும். இடையிடையே வேறு வேறு மணமுள்ள பொடி வைத்ததும் உண்டு. கண்ணைத் திறக்காமலேயே மூக்கால் நேரம் அறியலாம்.

மணற்கடிகாரம்தான் எல்லாவற்றிலும் பழையது, இல்லையா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதற்கான உறுதியான சான்று 14ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. இத்தாலியின் சியன்னா நகர மண்டபத்தில் 1338 வாக்கில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி தீட்டிய சுவரோவியத்தில் ஒரு மணற்கடிகாரம் இருக்கிறது. அது உருவாக நல்ல கண்ணாடி வேலை தேவைப்பட்டது.

அதன் உண்மையான வீடு கப்பல். ஆடும் கப்பலில் நீர்க்கடிகாரம் தளும்பும். மணல் பெரிதாகப் பாதிக்கப்படாது. அரை மணிக்கு ஒருமுறை திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். எட்டாவது முறை அடித்தால் நான்கு மணி நேரக் காவல் முடிந்தது.

24 மணி, 60 நிமிடம் என்ற கணக்கு யார் செய்தது?

ஒருவர் அல்ல. பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்குப் பன்னிரண்டு என்பது எகிப்தியரிடமிருந்து. அறுபது அறுபதாகப் பிரிப்பது பாபிலோனியரிடமிருந்து. அவர்களுடைய எண் முறையே அறுபதை அடிப்படையாகக் கொண்டது. அறுபதை 2, 3, 4, 5, 6 என எதாலும் மீதி இல்லாமல் வகுக்கலாம், பின்னம் வராது. ஆனால் பாபிலோனியர் நாளை 24ஆகப் பிரிக்கவில்லை. பன்னிரண்டு பெரிய பங்குகள், ஒவ்வொன்றிலும் முப்பது சிறு பங்குகள், மொத்தம் 360. அவர்களின் சிறு பங்கு நம் கணக்கில் நான்கு நிமிடம். வட்டத்துக்கு 360 பாகை என்பதும் இதே குடும்பம்தான். கிரேக்க வானியலாளர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நாளைப் பத்து மணியாக மாற்ற முயன்றது. இரண்டே ஆண்டில் கைவிட்டது.

முள் ஏன் வலப்பக்கமாகச் சுற்றுகிறது?

இயந்திரக் கடிகாரம் வளர்ந்தது வட அரைக்கோளத்தில். அங்கே, வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, தரையில் நட்ட குச்சியின் நிழல் அந்தத் திசையில்தான் சுற்றும். தெற்கே ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் நிழல் எதிர்த்திசையில் போகும்.

ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு கடிகாரமா?

அல்ல. அது கோடை நடுநாளின் சூரிய உதயத்தையும் குளிர்கால நடுநாளின் மறைவையும் நோக்கி அமைந்தது. ஆண்டில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும், நாளில் எங்கே என்று சொல்லாது.

சேவலை நம்பலாமா?

விடியலுக்கு, ஓரளவு நம்பலாம். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நினைத்தோம். ஜப்பானில் 2013இல் வெளியான ஆய்வு, மங்கலான வெளிச்சம் மாறாமல் இருந்த அறையில் வைத்தபோதும் சேவல்கள் விடியும் நேரத்தை ஒட்டிக் கூவியதைக் காட்டியது. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆனால் கார் விளக்கு பட்டாலும், பக்கத்துச் சேவல் கூவினாலும் அது கூவும்.

நிழற்கடிகாரம் எவ்வளவு துல்லியம்?

நன்றாகச் செய்தால் ஓரிரு நிமிடம் வரை. அதற்கு மேல் போகவிடாமல் தடுப்பது சூரியனின் அகலம். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அந்த அகலத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதனால் நிழலின் விளிம்பும் இரண்டு நிமிட அளவுக்கு மங்கியே இருக்கும். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயரத்தில் நிற்கும் சாம்ராட் யந்திரத்தில் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கும் விளிம்பு மங்கல்தான்; பெரிய அளவுகோல் என்பதால் மங்கலின் நடுவை நுட்பமாகத் தேட முடிகிறது.

"என் நிழற்கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது தப்பு இல்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் உச்சிக்கு வருகிறது. நம் கடிகாரம் காட்டுவது ஆண்டு முழுவதற்குமான சராசரி. அதோடு, ஒரு நாடு முழுவதும் ஒரே நேரம் வைத்துக்கொள்வதால் உங்கள் ஊரின் தீர்க்கரேகைக்கு ஏற்பவும் வித்தியாசம் வரும். அன்றைய சூரியனை உள்ளபடி காட்டுவது நிழல்தான்.

இதெல்லாம் எப்போது மறைந்தது?

ஒரே நாளில் மறையவில்லை. 1090களில் சீனாவின் காய்ஃபெங் நகரில் சு சோங் கட்டி முடித்த 12 மீட்டர் உயரக் கோபுரக் கடிகாரம் நீரால்தான் ஓடியது. ஆனால் சக்கரத்தை விட்டு விட்டு, ஒரு பல்லளவு மட்டுமே நகரவிடும் தடுப்பு அமைப்பு அதில் இருந்தது. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடையால் ஓடும் இயந்திரக் கடிகாரங்கள் வந்தன. அவை நாளுக்குக் கால் மணி நேரம் போலப் பிசகும். அவற்றைத் திருத்தி வைக்கப் பக்கத்திலேயே ஒரு நிழற்கடிகாரம் தேவைப்பட்டது. 1600களின் தொடக்கத்தில் கலிலியோ சரிவுப் பலகையில் பந்தை உருட்டி நேரத்தை அளந்தது எதைக்கொண்டு தெரியுமா? மெல்லிய குழாயில் ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடை போட்டு. 1656இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்த பிறகுதான் பிழை நாளுக்கு ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது.

நானே செய்து பார்க்க எது எளிது?

ஒரு குச்சி. சமதளத்தில் நேராக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மாலையில் வெளியேறும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து குச்சிக்குப் போகும் கோடு வடக்கு தெற்கு; மறுநாள் நிழல் அதன்மேல் விழும் கணம்தான் உங்கள் இடத்தின் உண்மையான நண்பகல். திசைகாட்டி வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

வட்டத்தைச் சின்னதாகப் போடாதீர்கள். நண்பகலுக்கு அருகில் நிழலின் நீளம் அதிகம் மாறாது, நுனி எங்கே வட்டத்தைத் தொட்டது என்று சொல்வதே சிரமமாகிவிடும். முதல் தடவை நான் செய்த தவறு அதுதான். காலை எட்டு ஒன்பது மணிக்கு நிழல் தொடும் அளவுக்கு வட்டம் இருந்தால் கோடு நன்றாக வரும். குச்சி நேராக நிற்கிறதா என்று கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.